உங்கள் நாற்காலி உங்களுடையது: குளத்தூர் வட்டத்துப் பெண் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

குளத்தூர் வட்டத்து ஊராட்சிகளில் வார்டு உறுப்பினராக, துணைத் தலைவராக, தலைவராக இருந்தவர்களுக்கும், ஒன்றியக் குழுவில் அமர்ந்தவர்களுக்கும், அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

2019 டிசம்பர் கடைசியில் வாக்குப்பதிவு நடந்தது. 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றீர்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. கபசுரக் குடிநீர் காய்ச்சியது, வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தியது, தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் போட்டது என்று நிர்வாகம் பழகும் முன்பே நெருக்கடியைப் பழகினீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

இந்த ஐந்து ஆண்டுகளில் உங்களில் பலர் கேட்டுச் சலித்த பேச்சு ஒன்று உண்டு. 'லேடீஸ் சீட்டு, அதனால வந்தாங்க.' பெண்களுக்கு ஒதுக்காவிட்டால் உங்களுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது, ஆகவே அது உண்மையில் உங்களுடையது இல்லை என்பது அந்தப் பேச்சின் உட்பொருள். உங்கள் வீட்டுக்காரரையோ அண்ணனையோ 'பிரசிடெண்ட்' என்று ஊர் கூப்பிடுவதற்கும், கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காருவதற்கும் அதுதான் வழிவிடுகிறது. அடுத்த முறை நிற்க வேண்டாம் என்று உங்களில் சிலர் முடிவெடுத்திருந்தால், அதற்கும் இந்தப் பேச்சு ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒருவருடைய வாழ்க்கையை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அவர் தேர்தலில் வென்றுகூடச் சட்டமன்றத்துக்குள் போகவில்லை. அவருக்கும் இடம் கொடுக்கப்பட்டதுதான். அந்த இடத்தில் மூன்றரை ஆண்டுகள்கூட அவர் இருக்கவில்லை. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் அவர் கேட்டவற்றின் பலனை நூறாண்டு கழித்து நாம் அனுபவிக்கிறோம். அவர் நம் புதுக்கோட்டைக்காரர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பெயர் உங்களுக்குத் தெரியும். மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, தவணை தவணையாக வரும் அந்த 18,000 ரூபாய் உதவிக்காக எத்தனை பெண்களுக்கு நீங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள்! திட்டத்தின் பெயராக மட்டுமே அவரை அறிந்திருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினராக அவர் என்ன செய்தார் என்பது அந்தப் படிவத்தில் இல்லை.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று தாலுகாக்களும் தொண்டைமான் ஆட்சியில் இருந்தன. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மணத்துக்காக அப்பாவை அவருடைய உறவினர் ஒதுக்கிவைத்தார்கள். பெரிய படிப்பாளியின் மகள் என்ற பெருமையும், அம்மாவின் குலத்தைச் சொல்லிக் குத்திய பேச்சும் அவருக்கு ஒரே வீட்டில் கிடைத்தன. பிறப்பைச் சொல்லி ஒருவரை எப்படிச் சிறுமைப்படுத்துவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே அறிந்தவர் அவர்.

பெண் பெரியவளானதும் படிப்பு நின்றுவிடும் காலம். வீட்டிலிருந்தே படித்து 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண், அதுவும் இந்தக் குலத்துப் பெண், எங்கள் பிள்ளைகளோடு உட்காருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். ஆண் மாணவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளச் செய்தார். கணவரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். உங்கள் வீட்டுக்காரர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். மனைவியின் பொதுவாழ்க்கைக்குத் துணை நிற்பது என்றால், அவர் இடத்தில் தான் போய் உட்காராமல் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி சட்டமன்றத்துக்கு வருகிறேன். சென்னை மாகாணம் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். ஆனால் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் வாக்குச் சீட்டைத் தொட்ட பெண்கள் மிகச் சிலர். பெண்கள் உறுப்பினராகலாம் என்ற விதி 1926-இல்தான் வந்தது. அந்த ஆண்டு மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய் துணிந்து நின்றார். சொற்ப வாக்கில் தோற்றார். அடையாறில் 1917-இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம், ஒரு பெண்ணையாவது நியமன உறுப்பினராகப் போட வேண்டும் என்று அரசிடம் கேட்டது. முத்துலட்சுமி ரெட்டி தேர்வானார். மருத்துவத் தொழிலுக்கு இடைஞ்சலாகுமே என்று முதலில் தயங்கியவர், பிறகு ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். 1927 தொடக்கத்தில் சென்னை சட்ட மேலவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

யோசித்துப் பாருங்கள். மன்றம் முழுக்க ஆண்கள். ஜமீன்தார்கள், வக்கீல்கள், கட்சித் தலைவர்கள். அவர்களிடையே ஒரே ஒரு பெண், அதுவும் நியமனத்தில் வந்தவர். 'லேடீஸ் சீட்டு' என்ற சொல் அன்றைக்கு இருந்திருந்தால் அவரைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். இடம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவர் நேரம் செலவழிக்கவில்லை. அந்த இடத்திலிருந்து என்ன கேட்கலாம் என்று பார்த்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கேட்டார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி கேட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி கேட்டார். இந்த அனுபவங்களையெல்லாம் 1930-இல் ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

அவர் செய்தவற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இதுதான்: அவர் எதையும் வாய்ப்பேச்சாக விடவில்லை. கேள்வியாகக் கேட்டார், தீர்மானமாகக் கொண்டுவந்தார், மசோதாவாக எழுதினார். மன்றத்துப் பதிவில் ஏறிய எதையும் பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. 1928-இல் பெண்ணின் திருமண வயது குறைந்தது 16, ஆணுக்கு 21 என்று ஆக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் சென்னை மன்றத்தில் கொண்டுவந்தார். 1929-இல் மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் சட்டம் பிறகு நகர்ந்த திசை அவர் கேட்ட திசைதான். இன்று பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது. பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழும்போது 1098-க்கு அழைக்கும் பொறுப்பும், அந்தக் குழுவைக் கூட்டும் பொறுப்பும் உங்களிடம் வருகின்றன. அந்த வேலை 1928-இல் தொடங்கியது.

அடுத்தது, அவர் வாழ்க்கையின் பெரும் போராட்டம். 1927 நவம்பரில், பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மன்றத்தில் ஆதரவு பெரிதாகவே இருந்தது. எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. திருமயத்தில் 1887-இல் பிறந்தவர். அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். காங்கிரசின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர். ஒரே சமஸ்தானம், ஒரே கல்லூரி, ஒரு வயது இடைவெளி. சென்னையில் இருவரும் ஒரே மன்றத்தில் எதிரெதிராக நின்றார்கள். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற மனிதர் இந்த விஷயத்தில் மரபின் பக்கம் நின்றார். அவருடைய தேசத்தொண்டை இது அழித்துவிடாது. ஆனால் பெரிய மனிதர் சொல்கிறார் என்பதற்காக நம் ஊர்க்காரரிடமே பணிந்துபோக வேண்டியதில்லை என்பதை முத்துலட்சுமி ரெட்டி காட்டினார். உங்கள் ஊரிலும் இப்படித்தான் வரும். எதிரில் நிற்பவர் வேற்றூர்க்காரராக இருக்க மாட்டார். உறவுக்காரராக, ஒரே கட்சிக்காரராக, நீங்கள் மதிக்கும் பெரியவராக இருப்பார். மரியாதையைக் குறைக்காமல் 'இல்லைங்க, இது சரியில்லை' என்று சொல்லிவிட்டு அதைத் தீர்மானத்திலும் எழுத வைக்க வேண்டும்.

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களும் தேவதாசிப் பெண்களின் சங்கத்தாரும் எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டமா, எங்கள் கலைக்கும் சொத்துரிமைக்கும் என்ன கதி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். பொதுவில் அவர்கள் எல்லோரையும் ஒரே இழிசொல்லால் அடித்துப் பேசியவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாட்டையும் ஆட்டத்தையும் காத்தவர்களிடமிருந்து கலை கைமாறிப் போனது. அதற்கான பெயரும் அவர்களுக்கு மிஞ்சவில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அவள் சம்மதம் இல்லாமல் பொட்டுக் கட்டுவதை எந்தக் கலையும் நியாயப்படுத்தாது. அந்த இடத்தில் முத்துலட்சுமி ரெட்டி உறுதியாக நின்றார். அவருடைய அம்மாவின் குடும்பத்துக் கதை அது. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் முதலில் சாதித்தது எது தெரியுமா? நிலம். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்கள் அனுபவித்துவந்த மானிய நிலத்தை, பணியை விட்டாலும் அந்தப் பெண்கள் தங்கள் வசமே வைத்துக்கொள்ள அது வழி செய்தது. இதன் கூர்மையைக் கவனியுங்கள். நிலம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பல வீடுகளில் அடுத்த பெண்பிள்ளைக்கும் பொட்டுக் கட்டினார்கள். தடையை மட்டும் போட்டால் வயிற்றில் அடித்ததாகிவிடும். பிழைப்புக்கு ஒரு வழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல முடியும் என்று அவர் கண்டுகொண்டார். ஊராட்சியில் நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் இது பொருந்தும். ஆக்கிரமிப்பை அகற்றுவதோ, சாலையோரக் கடைகளை எடுக்கச் சொல்வதோ, கல்குவாரியை மூடச் சொல்வதோ எதுவானாலும், அதை நம்பிச் சோறு தின்பவர் யார், அவருக்கு அடுத்த வேளைக்கு என்ன என்று முதலில் கேட்பது பெண் பிரதிநிதிகள் கொண்டுவரக்கூடிய பெரிய மாற்றம்.

பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் அறிமுகப்படுத்தினார். அது நிறைவேறும் முன், அந்த ஆண்டு மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி பதவியைத் துறந்தார். தன் வாழ்நாள் கனவான மசோதா மேசையில் கிடக்கும்போது எழுந்து வருவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் வந்தார். நாற்காலியைக் காத்துக்கொள்வதற்காக எதையும் விழுங்கிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லை. கையெழுத்துப் போட மனம் ஒப்பாத காசோலையை யாராவது உங்கள் முன் நீட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். போட மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அந்தக் கையெழுத்துக்குள் இருக்கிறது.

மசோதா என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர் உள்ளே இல்லாதபோதும் கோரிக்கை வளர்ந்தது. வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாகப் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரில் தொடங்கப்பட்டதுதான். கடைசியில் 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் தீர்மானத்திலிருந்து இருபது ஆண்டுகள். ஒரு பதவிக்காலத்தில் முடியாத வேலையைத் தொடங்குவது வீண் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த இருபது ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனிச் செய்தி இருக்கிறது. சென்னை மாகாணச் சட்டம் அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் செல்லாது. முத்துலட்சுமி ரெட்டி எந்த மண்ணில் பிறந்து, எந்த மண்ணில் குத்தல் பேச்சைக் கேட்டு வளர்ந்தாரோ, அந்த மண்ணை அவர் போராடிய சட்டங்கள் எட்டவில்லை. குளத்தூர்த் தாலுகாவும் அப்படித்தான் எல்லைக்கு வெளியே கிடந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு இணைந்த பிறகே நாம் சென்னைச் சட்டங்களின் கீழ் வந்தோம். 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. குளத்தூர் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தனித் தொகுதியும் இருந்தது. 2006 தேர்தலோடு அது போய், மறுசீரமைப்பில் 2011 முதல் கந்தர்வகோட்டைத் தொகுதி வந்தது. சமஸ்தானம், மாவட்டம், தொகுதி என்று கோடுகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் ஆட்சி ஊராட்சிதான். அதனால்தான் கோட்டையில் உட்காருபவரைவிட உங்களைப் பார்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

ஒன்றில் நான் அவரோடு மாறுபடுகிறேன். பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்பதுதான் அன்று அவருடைய கருத்து. 1930-களின் தொடக்கத்தில் அகில இந்தியப் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து வைத்த கோரிக்கையே, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு, யாருக்கும் சலுகை இடம் இல்லை என்பதாக இருந்தது. 1933-இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சி சொன்னபோதும் அவர் அந்தப் பக்கமே நின்றார். தகுதி இருந்தால் பெண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை உயர்ந்ததுதான். ஆனால் நடந்தது வேறு. 2021 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். அதே தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் பாதிப்பேர் நீங்களாக இருந்தீர்கள். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் பன்னிரண்டு பேர், ஒதுக்கீடு உள்ள இடத்தில் பாதிக்குப் பாதி. திறமை கோட்டைக்குப் போனதும் குறைந்து, ஊராட்சிக்கு வந்ததும் கூடிவிடுமா? கதவு திறந்த இடத்தில் நீங்கள் நுழைந்தீர்கள், அவ்வளவுதான். முத்துலட்சுமி ரெட்டிக்கும் நியமனம் என்ற ஒரு கதவு திறந்ததால்தான் அவருடைய திறமை மன்றத்துக்குத் தெரிந்தது.

நுழைந்த பிறகும் உட்கார விடுவதில்லை என்பதை நான் மறக்கவில்லை. 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவிய பிறகே ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடந்தது. சாதி கூட்ட அறையோடு நிற்பதுமில்லை: 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. உங்களில் தனி இடங்களிலிருந்து வந்தவர்கள் பெண் என்பதற்கு ஒரு முறையும் சாதிக்கு ஒரு முறையுமாக இரட்டைச் சுமை சுமக்கிறீர்கள். மற்றவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரைத் தரையில் உட்காரச் சொன்னால், நீங்களும் எழுந்து நில்லுங்கள். சாதி பார்த்து ஒதுங்கிக்கொண்டால் பெண் பிரதிநிதி என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

பதவி போன பிறகு முத்துலட்சுமி ரெட்டி என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்களில் பலர் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகளை விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, அவர்களுக்காகத் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். பதவியைத் துறந்த அந்தக் காலத்தில் அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். அடையாறில் இன்றும் நடக்கிறது. தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்தவர், அந்த நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-இலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அரசு முன்வராதபோது மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பிறகு டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நம் பக்கத்து ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் ரயிலேறிப் போய்ச் சிகிச்சை பெறும் இடம் அது. 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று காலமானார். மன்றத்தில் இருந்தது மூன்றரை ஆண்டுக்கும் குறைவு. அதன் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள், அவர் மன்றத்தில் தொடங்கிய பொதுவேலையைத் தொடர்ந்து செய்தார். பதவி முடிந்ததும் பொதுவேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தால் இந்த இரண்டு நிறுவனங்களும் இல்லை.

நம் மாவட்டத்துப் பெண்களுக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று சொல்லிவிடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு உலகம் திரும்பிப் பார்க்கும்படி செய்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்தவர்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் இந்த மாவட்டத்தில்தான். உங்கள் அம்மாக்களும் அத்தைகளும் அதில் இருந்தார்கள். பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள் என்று அன்று கேட்டவர்களுடைய பேத்திகள்தான் இன்று ஸ்கூட்டியில் கீரனூருக்குக் கல்லூரி பஸ் பிடிக்கப் போகிறார்கள்.

ஆகவே உங்களிடம் சில காரியங்கள் கேட்கிறேன்.

அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு வாங்கும்போது நீங்களே போய் வாங்குங்கள், நீங்களே நிரப்புங்கள். எழுத்து அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. சுவரொட்டியில் உங்கள் படம் பெரிதாக இருக்கட்டும். வென்றால் முதல் கூட்டத்திலேயே, உறுப்பினரைத் தவிர யாரும் உறுப்பினர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் சொல்லாததைப் பிறகு சொல்வது கடினம்.

கூட்டத்தில் பேசியது எதுவானாலும் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள். உங்கள் தீர்மானம் தோற்றாலும் அது பதிவாகட்டும். முத்துலட்சுமி ரெட்டி 1928-இல் கேட்ட 16 வயதும் உடனே கிடைக்கவில்லை. பதிவில் இருந்ததால்தான் அடுத்து வந்தவர்கள் அதிலிருந்து தொடங்க முடிந்தது.

இப்போது பதவியில் இல்லாதவர்களுக்கும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள். அதில் பேச வாக்காளராக இருந்தால் போதும். நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, ரேஷன் கடை, அங்கன்வாடிக் கட்டடம், மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதி, சுகாதார நிலையத்தில் இரவில் நர்ஸ் இருக்கிறாரா என்பது, சுடுகாட்டுப் பாதை என்று கேட்க நிறைய இருக்கிறது. தனியாகப் போகாமல் மகளிர் குழுவில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கோரிக்கையை ஆறு முறையும் கேளுங்கள்.

அனுபவம் உள்ளவர்கள் புதிதாக நிற்பவர்களுக்குக் கணக்கு கற்றுக்கொடுங்கள். எந்த நிதி எந்த வேலைக்கு வருகிறது, எந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், பிடிஓ ஆபீசில் எந்த மேசையில் கோப்பு நிற்கும் என்பதெல்லாம் ஐந்து வருடம் பட்டுத் தெரிந்துகொண்டவை. அவற்றை வீட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்களில் சிலர் ஊராட்சியோடு நிற்கக் கூடாது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற அரசியல் சட்டத் திருத்தம் 2023-இல் நிறைவேறிவிட்டது. அது நடைமுறைக்கு வரும் நாளில் கட்சிகள் வேட்பாளர் தேடி ஓடும். தலைவர் வீட்டு மருமகளையும் பிரபலங்களையும் நிறுத்துவதற்கு முன், குடிநீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் ஐந்தாண்டு பதில் சொன்ன பெண்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை இப்போதிருந்தே உங்கள் கட்சிக் கூட்டங்களில் கேளுங்கள். கேட்டால் பேராசை என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். புதுக்கோட்டையிலிருந்து போன ஒரு பெண் 1927-இல் சென்னை மன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்திருக்கிறார். குளத்தூரிலிருந்து ஒருத்தி அங்கே போக நினைப்பது எந்த விதத்தில் பேராசை?

உங்கள் மேல் நிறைந்த மதிப்போடும் நம்பிக்கையோடும்,

உங்கள் மாவட்டத்துச் சகோதரி ஒருத்தி